தராசு கோணுவதும் மனம் கோணுவதும்

கேள்வி இதுதான். அலுவலகப் பயிற்சி வகுப்பு ஒன்றில் "உங்கள் எல்லோரிடமும் பயஸ் (bias) இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதைப் பிரெஜுடிஸ் (prejudice) என்று எடுத்துக்கொண்டு, "அப்போ நான் கெட்டவனா?" என்று கொதித்துப்போயிருக்கிறார். இரண்டும் ஒன்றா, வேறா? கூடவே ஓர் உதாரணமும் கேட்டிருக்கிறார்கள்: தான் படித்த கல்லூரியில் படித்தவர்களையே திரும்பத் திரும்ப வேலைக்கு எடுக்கும் மேலாளரிடம் இருப்பது இதில் எது?

வேறுதான். ஆனால் வேறு என்று நாலு வரியில் சொல்லிவிட்டுப் போனால் பயனில்லை. மேலாளர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் பாரபட்சம், ஒருதலைப்பட்சம், பக்கச்சார்பு, முன்முடிவு என்று கைக்கு வந்ததை எல்லாம் மாற்றி மாற்றிப் போடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது. பாரபட்சம் என்பது ஒருவர் நடந்துகொள்ளும் விதம், வெளியே தெரியும் செயல். நாம் பேசப்போவது செயலுக்கு முன்னால் இருப்பதை. பயஸ் என்பதை நான் இங்கே 'சாய்வு' என்கிறேன். பழைய பந்துருட்டும் விளையாட்டு ஒன்றில், ஒரு பக்கம் சற்றே மாறுபட்ட வடிவில் செய்த பந்து நேராக உருட்டினாலும் வளைந்துதான் போகும். அந்த வளைவுக்குத்தான் அந்தச் சொல். பிரெஜுடிஸ் லத்தீன் மூலத்தில் 'முன்கூட்டியே அளித்த தீர்ப்பு'. அதனால்தான் முன்முடிவு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரும் மழை வரும் என்று முன்முடிவு செய்தவர்தானே. பிரெஜுடிஸில் ஒரு கசப்பு இருக்கிறது, ஒரு பிடிவாதம் இருக்கிறது. 'தப்பெண்ணம்' என்ற சொல் அதற்கு அருகில் வருகிறது. (வக்கீல் கடிதங்களின் தலைப்பில் வரும் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' வேறு சமாச்சாரம். அங்கே அதற்கு 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று பொருள். அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.)

நம் மொழியில் இந்த வேறுபாடு புதிதும் அல்ல. நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டு அடுத்தடுத்த குறள்களில் கோணலைப் பற்றிப் பேசுகிறார். 118இல் தராசுக் கோல் ஒருபக்கம் கோடாமல் நிற்பதை. 119இல் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று இரண்டை. தராசு கோணலாம், சொல் கோணலாம், உள்ளமும் கோணலாம். தராசு கோணும்போது அதற்கு யார்மேலும் கோபம் கிடையாது.

இனி நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்று. நான் பல வருடம் ஆசிரியர் வேலை பார்த்தவன். ஒரு தேர்வுக்கு அறுபது விடைத்தாள்கள். பத்து மதிப்பெண் கட்டுரைக் கேள்வி ஒன்று. திருத்தி முடித்துக் கூட்டல் சரிபார்க்கும்போது தற்செயலாக இரண்டு தாள்கள் அருகருகே விரிந்திருந்தன. இரண்டு பேரும் ஒரே வழிகாட்டிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள். பதில் ஏறக்குறைய வரிக்கு வரி ஒன்று. ஒருவனுக்கு நான் ஏழு போட்டிருந்தேன், மற்றவனுக்கு ஐந்து. ஏழு வாங்கியவன் துணைத்தலைப்பு போட்டு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுத்திருந்தான். ஐந்து வாங்கியவனுடைய பேனா மை கசிந்து, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அதுமட்டும் இல்லை. ஐந்து வாங்கிய தாள், மிகப் பிரமாதமாக எழுதிய ஒரு பெண்ணின் தாளுக்கு அடுத்ததாக என் கைக்கு வந்திருந்தது. அதைப் படித்த கண்ணோடு இதைப் படித்ததில் இது சப்பென்று தெரிந்திருக்கிறது.

மோசமான கையெழுத்துக்காரர்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. என் கையெழுத்தே அப்படித்தான். ஆனாலும் இரண்டு மதிப்பெண் போயிருந்தது. வெட்கமாக இருந்தது, திருத்தினேன். அடுத்த தேர்விலிருந்து பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துவைத்தேன். ஒரு கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவது, ஒவ்வொரு கேள்விக்கும் கட்டைக் கலைத்து அடுக்குவது என்றும் வைத்துக்கொண்டேன். கையெழுத்தை மட்டும் மறைக்க வழியில்லை.

அதே அறையில் ஒரு சக ஆசிரியர். "ஹாஸ்டல் பசங்க படிக்கவா சார் வர்றாங்க?" என்பது அவருடைய பல்லவி. நான் சொன்னதைக் கேட்டு அவரும் பெயரை மடித்துவைத்துத் திருத்தினார். ஒரு தாளுக்கு ஒன்பது போட்டார், "யாரோ நல்லா எழுதியிருக்கான்" என்று எனக்கே காட்டினார். பிரித்துப் பார்த்தால் ஹாஸ்டல் மாணவன்.

"இது இவன் எழுதினதா இருக்காது சார்."

"ஹாலில் மேற்பார்வை நீங்கதானே பார்த்தீங்க?"

"அப்போ கேள்வி முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

அடுத்த தேர்விலும் அதே மாணவன்தான் முதல். இந்த முறை அவர் வாயில் வந்தது: "சரி, இவன் ஒருத்தன் விதிவிலக்கு. மத்தவனுங்க அப்படியேதான்."

மூன்று காரணங்கள், ஒரே முடிவு. ஒவ்வொரு சான்று வரும்போதும் காரணம் இடம் மாறியது, முடிவு இருந்த இடத்திலேயே இருந்தது. என்னிடம் இருந்தது சாய்வு. அது எனக்கே தெரியாது, காட்டியதும் விலகியது. அவரிடம் இருந்தது தப்பெண்ணம். அது அவருக்குத் தெரியும், அதற்கு அவர் 'அனுபவம்' என்று பெயர் வைத்திருந்தார்.

இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போட்டவர் ஹார்வர்டு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், 1954இல் தப்பெண்ணத்தின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில். தவறாகப் பொதுமைப்படுத்தி, வளைந்துகொடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் வெறுப்பு என்பது அவருடைய வரையறையின் சாரம். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு வரி: முன்கூட்டியே எடுத்த முடிவு புதிய தகவல் வந்தபிறகும் மாறாமல் நின்றால்தான் அது தப்பெண்ணம். எல்லோரும் தவறாக நினைப்பதுண்டு. திருத்தினால் திருந்துவது வெறும் தவறு. திருத்த வந்தவர்மேல் எரிச்சல் வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சாய்வுக்கு மனமே தேவையில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து அது கணக்குப் போடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். கருவியின் அளவீடுகள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோல்காரர்களை வைத்தே சரிபார்க்கப்பட்டிருந்தன. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டியபோது தமனி ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்த அளவீடுகள் எத்தனை என்று பார்த்தது. வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதம். கருவிக்கு யார்மேலும் காழ்ப்பில்லை. அதைச் செய்தவர்களுக்கும் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஆக்சிஜன் தேவைப்பட்டவருக்கு அது கிடைக்காமல் போக இந்தச் சாய்வே போதும்.

மனித மூளையின் சாய்வுகளிலும் இதே குளிர்ச்சி உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சக்கரம் வருகிறது. சுற்றினால் எந்த எண்ணிலும் நிற்கும் என்று தோன்றும். உண்மையில் 10 அல்லது 65இல்தான் நிற்கும்படி செய்திருந்தார்கள். அது நின்றபின், ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். ஊகங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைப் பார்த்தால், 10 பார்த்தவர்களுக்கு அது 25, 65 பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. மனம் கண்ணில் பட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது, அவ்வளவுதான். இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது?

ஆட்களைப் பற்றிய சாய்வுகூட வெறுப்பில் தொடங்கவேண்டியதில்லை. உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களை வைத்து நடத்தி, 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. உனக்குப் பிடித்தது க்ளே என்ற ஓவியரின் படம், உனக்கு காண்டின்ஸ்கியின் படம் என்று சொல்லிச் சிறுவர்களை இரண்டு குழுவாக்கினார்கள். அந்தப் பிரிவும் உண்மையில் குலுக்கல்தான். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னபோது, தனக்கு ஒரு காசும் வராது என்று தெரிந்தும் பையன்கள் 'தன் குழு'வுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாக வந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கட்டும் என்றும் சிலசமயம் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்க் குழுவின்மேல் பழைய பகை என்று எதுவும் இல்லை. பகைக்கு நேரமே இருக்கவில்லை. நம்மவன் என்ற பாசம் மட்டும் போதுமாக இருந்தது. அன்றாட வாழ்க்கையில் நாம் காணும் அநியாயத்தில் பெரும்பங்கு இந்த வகைதான் என்பது என் கருத்து. அடுத்தவனைத் தள்ளிவிடுவது அரிது. நம்மவனுக்கு ஒரு கை கொடுப்பது தினமும் நடக்கிறது. தள்ளப்பட்டவன் போய் விழுகிற இடம் ஒன்றுதான்.

2012இல் வந்த இன்னொரு ஆய்வும் இந்த வரிசையில் வரவேண்டியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கு வந்த ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேலே 'ஜான்', மீதிப் பேருக்கு 'ஜெனிஃபர்'. ஜானுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 30,238 டாலர் சம்பளம் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவே செய்தார்கள். ஜெனிஃபரை அவர்களுக்குப் பிடிக்காமல் போகவில்லை, ஜானைவிட அதிகமாகவே பிடித்திருந்தது. திறமை என்று வரும்போது மட்டும் கை இறுகியது. பாசமாகப் பேசிக்கொண்டே குறைவாகக் கொடுப்பதற்கு நம் வீடுகளிலும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

தப்பெண்ணம் தோன்றும் விதமும் வேறு, அது வெளிப்படும் விதமும் வேறு. அது எப்போதும் செயலாக வெளிவரும் என்றும் சொல்ல முடியாது. ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள்மேல் கசப்பு மிகுந்திருந்த காலம். 251 விடுதிகள், உணவகங்களில் ஓர் இடத்தில் மட்டும்தான் இடம் மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அந்த இடங்களுக்கெல்லாம் "சீனர்களை அனுமதிப்பீர்களா?" என்று கடிதம் போட்டார். பதில் எழுதிய 128 இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் "மாட்டோம்" என்றன. எதிரே நிற்கும் மனிதரிடம் காட்டாத வன்மத்தைக் காகிதத்தில் காட்டினார்கள். கடிதத்தில் இருந்தது ஒரு வகைப்பெயர். வாசலில் வந்து நின்றது பெட்டியோடு வந்த, களைத்துப்போன, நன்றாக ஆங்கிலம் பேசிய இரண்டு பேர். தப்பெண்ணம் வகைப்பெயரில்தான் குடியிருக்கிறது.

இதனால் மூன்றாவதாக ஒரு சொல்லையும் தனியே வைத்துக்கொள்வது நல்லது: பாகுபாடு. அது செயல். சாய்வாலும் பாகுபாடு நடக்கும், தப்பெண்ணத்தாலும் நடக்கும், இரண்டும் இல்லாமல் "மேலிடத்து உத்தரவு" என்ற பெயரிலும் நடக்கும். சட்டம் பெரும்பாலும் இதைத்தான் பிடிக்கிறது, மனதுக்குள் புகுந்து பார்க்க அதற்கு வழியில்லை. பாதிக்கப்பட்டவருக்கும் இதுதான் முக்கியம். ஐந்து வாங்கிய அந்த மாணவனிடம் போய், "உன் இரண்டு மதிப்பெண் வெறுப்பால் போகவில்லையப்பா, கவனக்குறைவால்தான் போனது" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?

அப்படியானால் பிரித்துப் பார்ப்பதில் என்ன லாபம்? மருந்து வேறு என்பதுதான் லாபம். சாய்வுக்கு மருந்து முறைமை. பெயரை மறைப்பது, எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்பது, யாரையும் பார்ப்பதற்கு முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவைப்பது, கருவியை எல்லாவகைத் தோலிலும் சோதிப்பது. உபதேசம் இங்கே அதிகம் உதவாது. "இனிமேல் சாயமாட்டேன்" என்று உறுதி எடுத்துக்கொண்ட தராசு எது? இன்னொரு சிக்கல், நம் சாய்வு நமக்குத் தெரியாது. உளவியலாளர் எமிலி ப்ரோனினும் சக ஆய்வாளர்களும் 2002இல் இதற்கு 'சாய்வுக் குருட்டுப்புள்ளி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள்: மற்றவர்களிடம் பளிச்சென்று தெரியும் கோணல் தன்னிடம் மட்டும் குறைவு என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். படித்தவர்களுக்கும் இதில் விலக்கில்லை.

தப்பெண்ணத்துக்கு முறைமை போதாது. என் சக ஆசிரியர் பெயரை மடித்துத்தான் திருத்தினார், ஒன்பதும் போட்டார். மடிப்பைப் பிரித்ததும் பழையபடி ஆகிவிட்டது. புள்ளிவிவரம் காட்டுவதும் வீண்தான், அதைச் சமாளிக்கும் பதில் அவரிடம் எப்போதும் தயார். ஆல்போர்ட் சொன்ன வழி பழகுதல். வெறுமனே ஒரே தெருவில் குடியிருப்பது பழகுதல் ஆகாது. இரண்டு தரப்பும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், ஒருவரையொருவர் நம்பி வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். இந்தக் கருத்தை வைத்து நடந்த 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இரண்டு உளவியலாளர்கள் பார்த்தபோது, பழக்கம் கூடக் கூடத் தப்பெண்ணம் குறைகிறது என்பதுதான் பெரும்போக்காக இருந்தது. எஜமானரும் வேலையாளும் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றும் மாறாமல் இருப்பது ஏன் என்பதற்கும் 'சம அந்தஸ்து' என்ற அந்த முதல் நிபந்தனையில் விடை இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. சாய்வு பழுத்துத் தப்பெண்ணம் ஆகலாம். பார்க்க விரும்புவதையே பார்க்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவர் செய்த தவறு, நாம் ஏற்கெனவே சந்தேகிக்கும் குழுவைச் சேர்ந்தவர் என்றால் மனதில் ஒட்டிக்கொள்கிறது. நம்மவர் செய்தால் "பாவம், என்ன அவசரமோ" என்று உதிர்ந்துவிடுகிறது. இப்படி ஐந்து வருடம் சேகரித்துவிட்டு அதை அனுபவம் என்கிறோம். என் சக ஆசிரியரும் பொய் சொல்லவில்லை, படிக்காத ஹாஸ்டல் மாணவர்களை அவர் நிஜமாகவே பார்த்திருப்பார். வீட்டிலிருந்து வந்து படிக்காத மாணவர்களை அவர் எண்ணவில்லை.

கொதித்துப்போன அந்த நண்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். 1989இல் உளவியலாளர் பாட்ரிசியா டிவைன் காட்டியது இது: ஒரு குழுவைப் பற்றி ஊரில் உலவும் முத்திரைகள் தப்பெண்ணம் மிகுந்தவருக்கும் தெரியும், குறைந்தவருக்கும் தெரியும். இரண்டு பேர் மனதிலும் அது தானாகவே தலைகாட்டும். அதற்குப் பிறகு அதைத் தட்டி உட்காரவைக்கிறாரா, நாற்காலி போட்டுக் கொடுக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம். ஆகவே "பயஸ் இருக்கிறது" என்பது குற்றச்சாட்டு அல்ல. கணினியில் பொத்தான் அழுத்தும் வேகத்தை வைத்து உள்மனச் சாய்வை அளக்கும் தேர்வு 1998 முதல் இருக்கிறது. அதை எழுதிவிட்டுக் கலங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதே ஆள் இன்னொரு நாள் எழுதினால் வேறு மதிப்பெண் வருவது சாதாரணம். குழுக்களை ஆராய அது உதவலாம், தனி ஒருவரின் ஜாதகமாக அதைப் பார்க்க வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். இப்போதெல்லாம் அப்பட்டமான வெறுப்புப் பேச்சையும் "அது அன்கான்ஷியஸ் பயஸ், தெரியாமல் வந்துவிட்டது" என்று துடைத்துவிடுகிறார்கள். மூன்று முறை எடுத்துச் சொன்ன பிறகும் நான்காம் முறை வருவதற்குத் 'தெரியாமல்' என்ற சொல் பொருந்தாது.

மேலாளருக்கு வருவோம். தன் கல்லூரிக்காரர்களையே எடுக்கிறார் என்பதை மட்டும் வைத்து அவரிடம் இருப்பது எது என்று என்னால் சொல்ல முடியாது. பெரும்பாலும் அந்த பிரிஸ்டல் சிறுவர்களின் கதையாகத்தான் இருக்கும்: அதே வகுப்பறை, அதே கேன்டீன், பேச்சு சுலபமாக ஓடுகிறது, ஓடிய பேச்சைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறார். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை விண்ணப்பங்களில் கல்லூரிப் பெயரை மறைத்துவிட்டு முதல் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லுங்கள். வேறு கல்லூரிக்காரர் ஒருவர் மேலே வந்தால், பெயரைத் திறந்து காட்டும்போது அவர் சொல்லும் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். "அட, இவரை நான் பார்க்காமலே விட்டிருப்பேனே" என்றால், மறைக்கும் அந்த முறையை நிரந்தரமாக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. "அந்தக் காலேஜில் மார்க் சும்மா போடுவாங்க" என்று தொடங்கினால், இன்னொரு விண்ணப்பத்தைக் காட்டி வாதாட வேண்டாம். அந்தப் புது ஆளை எப்படியாவது அவருடைய அணியிலேயே, அவருக்குச் சமமான பொறுப்புள்ள ஒரு வேலையில் போட முடியுமா என்று மேலே இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.